முலாமுக்கு அடியில்

"என் புருஷன் என் தம்பியைக் கொன்னாரா இல்லையா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க மேடம். பாதி சொல்லாதீங்க. எதுவா இருந்தாலும் முழுசா சொல்லுங்க."

காலையில் அந்தப் பெண் கேட்டுவிட்டுப் போனது இவ்வளவுதான். காரில் போகும்போதும் மேடத்தின் காதில் அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

இன்சூரன்ஸ் கம்பெனியில் வருடக்கணக்காக விபத்துகளை விசாரித்துவிட்டு, மேலதிகாரியுடன் முறைத்துக்கொண்டு வேலையை உதறியவர் மேடம். இப்போது தனியாகத் துப்பறிகிறார். காரை ஓட்டியவன் ரேடியோ. முன்னாள் டாக்ஸி டிரைவர், இந்நாள் உதவியாளன். ஒருமுறை வாயைத் திறந்தால் நிறுத்த முடியாது என்பதால் டாக்ஸி ஸ்டாண்டில் வைத்த பெயர், நரைவிழுந்த பிறகும் கூடவே வந்துவிட்டது.

"மேடம், எனக்கு ஒண்ணு புரியல. புருஷனைக் கொன்ன பொண்டாட்டியைப் பாத்திருக்கோம். பொண்டாட்டியைக் கொன்ன புருஷனைப் பாத்திருக்கோம். மச்சானைக் கொன்னவன் யாராவது உண்டா? எனக்கு மூணு மச்சான். ஆசை இருக்கு, ஆனா துணிச்சல் வரல."

"ரோட்டைப் பாரு."

செத்தவனை ரேஸ் டிராக்கில் எல்லோரும் சிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வளைவில் அவன் பைக் சாய்ந்து திரும்பும் அழகைப் பார்க்கவே கூட்டம் கூடும். அவனுடைய இன்ஜின் முழுக்க அக்கா புருஷனின் கைவேலை. அவர் சிலிண்டர் பட்டறை வைத்திருந்தார். அக்கா வீட்டிலேயே ரேஸ்காரர்களுக்குத் தோல் உடுப்பு தைத்தாள். போன மாதப் பந்தயத்தன்று காலையில் மாமனும் மச்சானும் எல்லோர் எதிரிலும் சண்டை போட்டார்கள். "நீ ஒரு நாள் விழுந்துதான்டா திருந்துவே!" என்று பட்டறைக்காரர் கத்தியதைக் கேட்காதவர்கள் இல்லை. மதியம் முழு வேகத்தில் போகும்போது சிட்டுவின் இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் சுற்றாமல் நின்றது. சுவரில் போய் மோதியவன் திருந்துவதற்கு எழுந்திருக்கவில்லை.

அக்கா தன் புருஷனை வீட்டை விட்டு வெளியே அனுப்பினாள். அவர் மேல் போலீஸில் புகாரும் கொடுத்தாள். அவரோ ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசவில்லை. இன்ஸ்பெக்டர் மேடத்துக்குப் பழக்கமானவர். "சாயங்காலம் வரைக்கும் பொறுக்கறேன். அதுக்குள்ள நீங்க எதுவும் சொல்லலேன்னா ஆளைக் கூட்டிட்டு வந்துடுவேன்" என்று போனில் சொல்லியிருந்தார்.

டிராக்கின் பின்பக்கத்து ஷெட்டில் நசுங்கிய பைக் ஓரமாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. போலீஸ் சொன்னதால் டிராக் மெக்கானிக் இன்ஜினைப் பிரித்து, பாகங்களை மேஜையில் வரிசையாகப் பரப்பியிருந்தார்.

மேடம் முதலில் பிஸ்டனை எடுத்தார். ஒரு பக்கம் முழுக்க உரசி, வழித்து, அலுமினியம் இழுபட்டுக் கிடந்தது. ரிங் அதன் பள்ளத்திலேயே நசுங்கி ஒட்டியிருந்தது. பிறகு சிலிண்டரைத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் அதன் உட்புறத்தைப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் பளபளப்பு. அதன்மேல் சாய்வாக இரண்டு திசையிலும் மெல்லிய கோடுகள்.

"அய்யோ, எவ்வளவு கீறல்!" என்றான் ரேடியோ.

"கீறல் இல்ல. ஹோனிங். உள்சுவர் ரொம்ப வழவழன்னு இருந்தா எண்ணெய் நிக்காது. அதுக்காக வேணும்னே இப்படிக் குறுக்குக் கோடு போடுவாங்க. சாதா கல் இதுல ஏறாது. வைரத்தூள் பதிச்ச கல்லாலதான் தேய்க்கணும்."

"வைரமா? என் கல்யாண மோதிரத்துலயே கண்ணாடிதான் மேடம்."

"அவ்வளவு கெட்டி. சிலிண்டர் அலுமினியம், ஆனா உள்ளே நிக்கல் முலாம். தலைமுடி கனம்தான் இருக்கும். அந்த முலாம் இருக்கற வரைக்கும்தான் இன்ஜினுக்கு உயிர்."

ரேடியோ பிஸ்டனை ஒரு கண்ணாலும் சிலிண்டரை ஒரு கண்ணாலும் பார்த்தான். "இது எப்படி இருக்குன்னா, புருஷன் பொண்டாட்டிக்குள்ள பெரிய அடிதடி. புருஷன் சட்டை நார் நாராக் கிழிஞ்சிருக்கு. பொண்டாட்டிக்குத் தலைமுடிகூடக் கலையல. அப்படின்னா அந்த வீட்டுல சண்டையே நடக்கலைன்னு அர்த்தம்."

மேடம் திரும்பி அவனைப் பார்த்தார்.

"சண்டை நடந்திருக்கு, ரேடியோ. ஆனா இது அவன் பொண்டாட்டியே இல்ல."

"என்னது?"

"பிஸ்டன் இந்த அளவுக்குப் பிஞ்சிருந்தா, அதை உரசின சுவர் இப்படிப் புத்தம்புதுசா இருக்கவே முடியாது. விபத்துக்கு அப்புறம் யாரோ சிலிண்டரை மாத்தியிருக்காங்க." மேடம் மெக்கானிக் பக்கம் திரும்பினார். "நீங்க பிரிக்கறதுக்கு முன்னாடி இந்த வண்டிகிட்ட யார் வந்தா?"

மெக்கானிக் கையிலிருந்த துணியைக் கசக்கினார். சொல்லலாமா என்று யோசித்தார். "சிட்டுவை அடக்கம் பண்ணின மறுநாள் பட்டறைக்காரர் வந்தாருங்க. கொஞ்ச நேரம் வண்டிகிட்டத் தனியா இருந்துட்டுப் போறேன்னார். எப்படி மாட்டேன்னு சொல்றது? நான் வெளியில போய் நின்னேன். திரும்பிப் போகும்போது பை கனமா இருந்துச்சு. கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு."

"ஒரு கையில கைக்குட்டை, ஒரு கையில ஸ்பேனர்" என்றான் ரேடியோ. யாரும் சிரிக்கவில்லை. அவனும்தான்.

"அந்தப் பழைய சிலிண்டர் இப்ப எங்க இருக்கும்?"

"அது தெரியாதுங்க. ஆனா நேத்து போன் பண்ணினார். இன்னிக்கு முலாம் பட்டறைக்குப் போறேன், பழைய முலாமை உரிச்சுப் புதுசா போட வேண்டியது ஏதாச்சும் உங்ககிட்ட இருக்கான்னு கேட்டார்."

மேடம் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார்.

காரில் ஏறியதும் ரேடியோ கேட்டான். "எதுக்கு மேடம் இந்த ஓட்டம்? வேணாத சிலிண்டரைக் கிணத்துல போட்டிருப்பார்."

"போட்டிருந்தா நமக்குக் கிடைக்கவே கிடைக்காது. போடலைன்னா, உரிக்கற தொட்டியிலதான் முக்குவார். அந்த ஆசிட்டுல முலாம் மொத்தமும் கரைஞ்சு போயிடும். அப்புறம் புது முலாம். அது மேல புது ஹோனிங். சிலிண்டர் அப்படியே இருக்கும், அதுல நடந்தது மட்டும் இருக்காது."

"அப்போ அவரேதான் கொலைகாரர். வழக்கு முடிஞ்சது. சாப்பிடப் போலாமா?"

"வேகமா போ."

"இதுக்கு மேல போனா நாம முன்னாடி போயிடுவோம், கார் பின்னாடி வரும். பரவாயில்லையா?"

முலாம் பட்டறை ஊர் முடியும் இடத்தில் இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகத் தொட்டிகள். சுவரில் பெரிய மின்விசிறிகள் புகையை வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. அப்படியும் உள்ளே நுழைந்த உடனே கண் எரிந்தது. ரப்பர் ஏப்ரனும் முழங்கால் வரை பூட்ஸும் போட்ட முதலாளி எதிரே வந்தார். மேடம் இன்ஸ்பெக்டர் பெயரைச் சொன்னதும் குழப்பத்தோடு தலையை ஆட்டினார்.

"பட்டறைக்காரர் காலையிலேயே வந்துட்டாரே. மூணு சிலிண்டர். ரெண்டு தொட்டிக்குள்ள போயாச்சு. மூணாவது..." என்று திரும்பிப் பார்த்தார்.

கடைசித் தொட்டியருகே ஒரு தொழிலாளி கம்பியில் மாட்டிய சிலிண்டரை இறக்கிக்கொண்டிருந்தார். ரேடியோ தாவிப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அண்ணே, கை அப்படியே இருக்கட்டும்! போட்டோ எடுக்கறோம்னு நெனச்சுக்குங்க. சிரிக்கக்கூட வேணாம்."

சிலிண்டர் ஆசிட்டுக்கு ஒரு சாண் மேலே தொங்கியபடி ஆடியது.

ஏற்கனவே முங்கிய இரண்டில் ஒன்றாக இருந்தால் எல்லாம் போயிற்று. மேடம் முதலாளியிடம் டார்ச்சை வாங்கி உள்ளே அடித்தார். 

இதுதான் அது. ஒரு பக்கச் சுவரில் பிஸ்டன் கிழித்துக்கொண்டு போன நீளக் கோடுகள். புகை வெளியேறும் துவாரத்தின் விளிம்பில் தொடங்கி, உள்ளங்கை அகலத்துக்கு முலாம் பெயர்ந்து போயிருந்தது. மேடம் விரல் நுனியால் தடவினார். ஓரத்தில் மிச்சமிருந்த முலாம் காய்ந்த வண்ணப்பூச்சு போல ஒரு செதிலாகக் கையோடு வந்தது.

"அதோட அடியைப் பாரு. என்ன தெரியுது?"

ரேடியோ குனிந்தான். "பொத்தல் பொத்தலா இருக்கு. புழு அரிச்ச மரம் மாதிரி."

"பிஸ்டன் கிழிக்கும். சுரண்டும். அரிக்குமா?"

"அரிக்காது." அவன் குரலில் விளையாட்டு குறைந்தது. "ஏதோ தண்ணியா ஊத்தியிருக்காங்க. வழிஞ்ச தடம்கூட இருக்கு."

"ஆசிட்" என்றார் முதலாளி, தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து. "விளிம்புல முலாம் எங்கயோ சின்னதா பேர்ந்திருக்கணும். ஆசிட் அந்த வழியா அடியில இறங்கி அலுமினியத்தைத் தின்னுடுச்சு. அப்புறம் முலாம் சும்மா மேல உக்காந்திருக்கும். சூடு ஏறினா உரிஞ்சு வந்துடும்."

"அப்ப பட்டறைக்காரர் ஆசிட் ஊத்திக் கொன்னுட்டார்" என்றான் ரேடியோ.

"அவருக்கு மச்சானைக் கொல்லணும்னா ஆயிரம் வழி இருக்கு. இவ்வளவு கஷ்டப்பட வேணாம். இங்க பாரு, மேல் பக்கம் ஒரு இடத்துல மட்டும் ஹோனிங் கோடு தேய்ஞ்சு மங்கலா இருக்கு. இதுக்கு முன்னாடியே ஒரு தடவை பிஸ்டன் லேசா பிடிச்சு, அலுமினியம் சுவர்ல ஒட்டியிருக்கு. அதைப் போக்கறதுக்காக யாரோ ஆசிட் ஊத்தித் தேய்ச்சிருக்காங்க. கெடுக்கணும்னு ஊத்தல. சுத்தம் பண்ணணும்னு ஊத்தினது. வேலை தெரிஞ்சவரா இருந்தா பஞ்சுல தொட்டு, ஒட்டின இடத்துல மட்டும் வச்சு, உடனே கழுவியிருப்பார். இது பாட்டிலைக் கவுத்த கை."

"சிட்டுவா?"

"வேற யார் இதை ரகசியமா பண்ணணும்? ஆனா ரேடியோ, எனக்கு அது கேள்வி இல்ல." மேடம் டார்ச்சை அணைத்தார். "இந்தச் சிலிண்டரை எடுத்துக் காட்டியிருந்தா பட்டறைக்காரர் அன்னிக்கே நிரபராதி. தன்னைக் காப்பாத்தற ஒரே சாட்சியை ஒரு மனுஷன் எதுக்காகத் தானே அழிக்கப் பாக்கணும்?"

"அதைத் தொட்டியிலயே விட்டிருக்கலாம் மேடம்."

குரல் வாசலிலிருந்து வந்தது. பட்டறைக்காரர் நின்றுகொண்டிருந்தார். பல நாள் தாடி. சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. அவர் வெளியே மரத்தடியில் காத்திருந்திருக்கிறார். இவர்கள் கண்ணில்தான் படவில்லை.

"உக்காருங்க" என்றார் மேடம்.

அவர் உட்காரவில்லை. கம்பியில் தொங்கிய சிலிண்டரைப் பார்த்தபடியே பேசினார்.

"நான் வெளியூர் போயிருந்தப்ப சிட்டு கார்புரேட்டர்ல சின்ன ஜெட் மாத்தியிருக்கான். பெட்ரோல் கம்மியா போனா வேகம் கொஞ்சம் ஏறும். சூடும் ஏறும். பயிற்சியில இன்ஜின் லேசா பிடிச்சிருக்கு. என்னைக் கேக்காம இன்ஜின்ல கை வச்சா இந்த சீசன் வண்டியே கிடையாதுன்னு சொல்லியிருந்தேன். அந்தப் பயம். அவனே பிரிச்சிருக்கான். ஆசிட்டால நான் துடைக்கறதைப் பாத்திருக்கான். அதுக்கு முன்னாடி லென்ஸ் வச்சு முலாம் எங்கயாவது பேர்ந்திருக்கான்னு தேடுவேனே, அதைப் பாக்கல."

"பந்தயத்தன்னிக்குக் காலையில?"

"ஜெட்டைப் பாத்துட்டுத்தான் கத்தினேன். பழைய ஜெட்டைப் போட்டேன். ஸ்டார்ட் பண்ணிக் காது வச்சுக் கேட்டேன். சத்தம் நல்லா இருந்துச்சு. ஹெட்டைக் கழட்டி உள்ளே பாத்திருக்கணும். கோவத்துல இருந்தேன். பாக்கல." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அடக்கத்துக்கு மறுநாள் கழட்டினதும் தெரிஞ்சு போச்சு. பிஸ்டனையும் மாத்தியிருக்கணும். அதுக்கு மேல அங்க நிக்க முடியல."

"சிலிண்டரை எங்கயாவது எறிஞ்சிருக்கலாமே?" என்றான் ரேடியோ.

"எறியத்தான் ஆத்துப் பாலம் வரைக்கும் கொண்டு போனேன். அவன் கடைசியா ஓட்டினதுங்க. மனசு வரல."

மேடம் ஒரு அடி அருகே வந்தார். "உங்க மேல தப்பே இல்லைன்னு இது சொல்லுது. ஏன் மறைக்கறீங்க?"

"ஆசிட் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேப்பாங்களே மேடம்."

"எங்கேர்ந்து?" என்றான் ரேடியோ.

"என் பட்டறையைப் பூட்டிட்டுப் போயிருந்தேன். அதனால எங்க வீட்டுக்குப் போயிருக்கான். அக்கா, என் ரூம் பாத்ரூமைக் கழுவ ஆசிட் இருக்கான்னு கேட்டிருக்கான். அவ பாட்டிலோட எடுத்துக் கொடுத்துட்டா. நான் ஊர்லேர்ந்து வந்ததும் சாப்பாடு போட்டுக்கிட்டே சொன்னா. 'உங்க மச்சான் பாத்ரூம் கழுவப் போறானாம், உலகம் தலைகீழா ஆயிடுச்சு'ன்னு. ரெண்டு பேரும் சிரிச்சோம்."

ரேடியோ தலையைக் குனிந்துகொண்டான்.

"அம்மா இல்லாத பையன். அவதான் குளிப்பாட்டி வளத்தா. நான் கொன்னேன்னு நெனச்சா என்னை வெறுப்பா. வெறுத்துட்டு எப்படியோ இருந்துடுவா. இது தெரிஞ்சா அவ இருக்க மாட்டா மேடம். உங்களைக் கையெடுத்துக் கேக்கறேன். முக்கிடச் சொல்லுங்க."

தொழிலாளி கம்பியைப் பிடித்தபடி மேடத்தின் முகத்தைப் பார்த்தார். மேடம் டார்ச்சை முதலாளியிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு சிலிண்டரைக் கம்பியிலிருந்து கழற்றச் சொன்னார்.

"முழுசா சொல்லணும்னு உங்க வீட்டம்மா என்கிட்ட வாக்கு வாங்கியிருக்காங்க. நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா இதைச் சொல்ல வேண்டிய ஆள் நான் இல்ல. வண்டியில ஏறுங்க."

 வழியில் ஒரே ஒரு தடவை ரேடியோ கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்து, "தண்ணி குடிக்கறீங்களா அண்ணே?" என்று கேட்டான். பட்டறைக்காரர் வேண்டாம் என்றார்.

வீட்டில் அக்கா தையல் மெஷின் முன்னால் இருந்தாள். சுற்றிலும் வெட்டிய தோல் துண்டுகள். புருஷனை வாசலில் பார்த்ததும் கையிலிருந்த கத்திரியை மெதுவாகக் கீழே வைத்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றார். உள்ளே வரலாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"உங்க வீட்டுக்காரர் கொல்லல" என்றார் மேடம். "அதுக்கு சாட்சி என்கிட்ட இருக்கு. மிச்சத்தை அவர் சொல்வார்."

பட்டறைக்காரர் கழற்றிய செருப்பையே பார்த்தார். 

இந்த இடத்தில் யாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அப்படியானால் யார்? அவள் கேட்கவில்லை. மேடம் அவளையே பார்த்தார். 

"ஆசிட்தானே?" என்றாள் அவள்.

பட்டறைக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். "உனக்கு..."

"அவன் ரூமைக் காலி பண்ணப் போனேன்ல? பாத்ரூம் எப்பவும் போலப் பாசி பிடிச்சுக் கிடந்துச்சு. பாட்டில் மட்டும் காலி. எத்தனை நாள் சாப்பாடு எடுத்துட்டு வந்து உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன்? பஞ்சுல தொட்டுத் தொட்டு நீங்க சிலிண்டர் துடைக்கறதை நான் பாத்ததில்லையா? அங்கேயே தரையில உக்காந்துட்டேன்."

"அப்புறம் எதுக்கு என் பேரை..."

"நீங்களா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "நீங்க ஏதோ பண்ணியிருப்பீங்க, சண்டை போட்டீங்களே, கோவத்துல ஏதோ விட்டிருப்பீங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். போலீஸ்ல சொல்லும்போது நம்பித்தான் சொன்னேன். நீங்க மறுத்துப் பேசாம நின்னீங்களா, இன்னும் நம்பினேன். இந்த மேடம்கிட்டப் போனதும் அதுக்குத்தான். வேற யாராவது நிரூபிச்சுச் சொல்லிட்டா, நான் கொடுத்த பாட்டில் வெறும் பாட்டிலா ஆயிடும்ல?"

"நீ என்ன பண்ணே? தம்பி கேட்டான், கொடுத்தே. தெரிஞ்சா கொடுத்தே?"

"நீங்க தெரிஞ்சேதானே மறைச்சீங்க!" அவள் சட்டென்று எழுந்தாள். தோல் துண்டுகள் மடியிலிருந்து சரிந்தன. "எனக்காக ஜெயிலுக்குப் போறேன்னு யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க? நீங்க உள்ள போயிருந்தா நான் இங்க உக்காந்து என்ன பண்ணியிருப்பேன்? தம்பியையும் முழுங்கிட்டு, உங்களையும் முழுங்கிட்டு..."

அதற்குமேல் பேச்சு உடைந்தது. அவர் படியைத் தாண்டி உள்ளே வந்தார். கை நீட்டினார். அவள் அதைத் தட்டிவிட்டாள். அவர் மறுபடி நீட்டவில்லை, நகர்ந்து போகவும் இல்லை. அவள் அழுது முடிக்கும்வரை ஒரு முழ தூரத்தில் அப்படியே நின்றார்.

மேடத்தின் போன் அடித்தது. இன்ஸ்பெக்டர். மேடம் எடுக்காமல் அவளைப் பார்த்தார்.

"நானே வர்றேன்னு சொல்லுங்க" என்றாள் அவள், முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தபடி. "நீங்க போய்ச் சொன்னா சரியா வராது. இவர் பேரை என் வாயால சொன்னேன். நானே திருப்பி எடுக்கணும். பாட்டிலைப் பத்தியும் நானே சொல்றேன்."

"உங்களை யாரும் எதுவும் செய்ய மாட்டாங்கம்மா. அது குற்றம் இல்ல."

"தெரியும். அதுக்காக இல்ல."

அவள் கதவைக்கூடச் சாத்தாமல் வெளியே நடந்து, காரின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். மேடம் முன்சீட்டில் ஏறினார். பட்டறைக்காரர் வாசலிலேயே நின்றார். கூப்பிடாத இடத்துக்கு வருவது எப்படி என்று அவருக்குப் புரியவில்லை.

ரேடியோ சாவியைப் போட்டான், திருகவில்லை.  தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

பின்சீட்டில் அவள் நேராகப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு, புருஷன் பக்கம் திரும்பாமலே, அந்தப் பக்க ஜன்னல் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

அவர் வந்து ஏறி, கதவைச் சாத்திய பிறகுதான் ரேடியோ காரை எடுத்தான்.